பன்னண்டு பேர் போட்ட கல்லு

இன்னாண்ணே இது, அவ்ளோதானா? மீதி எங்க? பாலீஷ் போட்டு, ஓரத்துல கோடு வேற இழுத்து வச்சிக்கீற, அப்ப வேல முடிஞ்சிச்சின்னு அர்த்தமா? இரு இரு, கண்ணாடிய மாட்டிக்கிறேன். பொதுக் கழிப்பிடம். சரி. திறந்து வைத்தவர் பங்கஜம், மீன் வியாபாரி. கீழ நாளைக்கி தேதி. அப்பால? ஒண்ணியும் காணோம். தூ! ஒரு கார்ப்பரேஷன் கட்டடத்துக்கு வெக்கிற கல்லாண்ணே இது? தோ, அந்தாண்ட கல்லறைக்கின்னு அடுக்கி வச்சிக்கிறியே, அதுல கூட இத்தவிட நாலு வரி சாஸ்தி கீது. செத்தவனுக்கே பொறந்த தேதி, செத்த தேதி, பொண்டாட்டி புள்ளைங்க பேரு, ஒரு பைபிள் வசனம்னு இத்தினி போடுற. உயிரோட கீற கட்டடத்துக்கு மூணு வரியா?

நீ மாஸ்க்க கயட்டாத விக்டரண்ணே, தூசி மூக்குல ஏறும். நீ ஒண்ணியும் பேச வாணாம். நான் பேசறேன், நீ தலைய மட்டும் ஆட்டு. போதும்.

யாரு எழுதி குடுத்தான்னு எனக்குத் தெரியும். அஞ்சலாட்சி வந்திருப்பா. எம் பொண்டாட்டின்னு சொல்லல, வார்டு கவுன்சிலர்னு சொல்றேன். ஒரு துண்டு பேப்பர்ல எழுதி நீட்டியிருப்பா, நீயும் பள்ளிக்கூடத்து புள்ள மாரி அத்தயே பாத்து வெட்டிட்ட. ஏன்ணே, எத்தினி வருசமா இந்த மந்தவெளியில கல்லு வெட்டற? நாப்பது வருசம்? எத்தினி பஸ் ஸ்டாப்பு, எத்தினி ரேஷன் கட, எத்தினி பாலம். எதுலயாவது ஒரே ஒரு பேரு பாத்துக்கிறியா? ஒரு வார்த்த கேக்க வாணாம் நீயி? மேடம், மினிஸ்டர் பேரு எங்க மேடம்னு வாய் தொறந்து கேட்டா கொறஞ்சா பூடுவ?

கேட்டியா? இன்னா சொன்னா? சிரிச்சாளா. சிரிப்பா சிரிப்பா. இப்பல்லாம் நல்லா சிரிக்கிறா.

கல்லுன்னா இன்னான்னு சொல்றேன் கேளு. கல்லப் பாத்தா ஊரு எப்டி ஓடுதுன்னு தெரியணும். மொத வரி மினிஸ்டரு, மாண்புமிகு போட்டு, இத்தினி பெரிய எழுத்துல. அவருக்கும் அந்த கக்கூசுக்கும் ஒட்டும் கெடையாது, ஒறவும் கெடையாது. ஆனா கார்ப்பரேஷனுக்கு இன்னா அதிகாரம், எது வரைக்கும் அதிகாரம்னு எழுதி வச்சிக்கிறது கோட்டையில போட்ட சட்டம். அங்க நெனச்சா நாளைக்கே கவுன்சில கலைக்கலாம். அதனால அவரு மேல. அடுத்தது மேயரு, தலைமைன்னு போட்டு. அப்பால எம்.பி., எம்.எல்.ஏ., முன்னிலைன்னு போட்டு. துணை மேயரு. சோன் சேர்மன். நிலைக்குழு தலைவருங்க ஒரு ரெண்டு பேரு. கட்சி மாவட்டச் செயலாளரு ஒர்த்தரு, அவரு எந்த சட்டத்துலயும் இல்ல, ஆனா கல்லுல இல்லன்னா நீ ஊட்டுக்கு போவ முடியாது. வார்டு கவுன்சிலரு. ஆக கடைசியில, ஓரமா, சின்ன எழுத்துல, ஆணையர், பின்னாடி இ.ஆ.ப.ன்னு மூணு எழுத்து.

இதுல யாருண்ணே பெரிய ஆளு? மேயரா? ஐய, போணே! அது எந்த மேயரா இருந்தாலும் சரி, நான் ஆளச் சொல்லல, நாற்காலிய சொல்றேன். அங்கி குடுப்பாங்க, கழுத்துல சங்கிலி போடுவாங்க, முன்னாடி ஒர்த்தன் தடிய தூக்கினு போவான், வண்டியில கொடி பறக்கும். பாக்க மஜாவா இருக்கும். ஆனா ஒரு பைல தொறந்து பாரு, கையெழுத்து யாருது? கமிஷனருது. அவர யாரு போட்டாங்க? கோட்டையில போட்டாங்க. மேயரு அவர மாத்த முடியுமா? முடியாது. அவரு மாத்தலாகி போற அன்னிக்கி பூச்செண்டு வேணா குடுக்கலாம். ஆக கடைசியில சின்ன எழுத்துல கீறாரே, அவரு தான்ணே ஊரு. மேல பெருசு பெருசா கீறதெல்லாம் கோயில் கோபுரத்துல பொம்ம நிக்குதே, அந்த மாரி. தாங்குறா மாரி நிக்கும், எத்தயும் தாங்காது.

இத்தெல்லாம் எனக்கு எப்டி தெரியும்ன்ற? புது கவுன்சிலருங்களுக்கு ரெண்டு நாளு கிளாஸ் எடுத்தாங்க. அவளுக்கு தல வலின்னு சொல்லிட்டு நான் தான் போயி பின்னாடி பெஞ்சில குந்திகினு கேட்டேன். மத்தியானம் பிரியாணி. ஒரு ரிட்டையர்டு ஆபீசரு வந்து வெள்ளக்காரன் காலத்துலேந்து ஆரம்பிச்சாரு. முன்னூறு வருசத்துக்கு மின்ன லண்டன்ல ராஜா ஒரு சாசனம் எழுதி கப்பல்ல அனுப்ச்சானாம். ஒரு மேயரு, பன்னண்டு ஆல்டர்மேனு. வரி போடு, டவுன் ஹால் கட்டு, பள்ளிக்கூடம் கட்டு, ஜெயில் கட்டுன்னு. நம்ம ஜனம் இன்னா பண்ணிச்சி தெரியுமா? வரி குடுக்க மாட்டோம்னுட்டாங்க. அங்கியும் தடியும் மட்டும் வந்து எறங்கிச்சி. அன்னிக்கி எறங்கினது தான்ணே, இன்னிக்கி வரிக்கும் அத்தயே மாட்டினு திரியறானுங்க.

துட்டா? துட்டு எங்கேந்து வருதுன்னா, ஊட்டு வரி, தொழில் வரி. அது சம்பளத்துக்கே சரியா பூடும். மீதிக்கி மேல பாத்து கையேந்தணும். நிதிக்குழு இவ்ளோ சொல்லிச்சி, பத்திரப் பதிவுல பங்கு இவ்ளோ, அதுவும் பத்தலன்னா உலக வங்கி கடன். நீ டி நகர் பக்கம் போயி பாரு. ஒரு தீபாவளிக்கி ரங்கநாதன் தெருவுல எத்தினி கோடிக்கி துணி விக்குது? அதுல வர்ற வரி பாதி டில்லிக்கி, பாதி கோட்டைக்கி. அந்த கூட்டம் தின்னுட்டு போட்டுட்டு போவுதே எச்ச எல, பிளாஸ்டிக் கவரு, அது மட்டும் கார்ப்பரேஷனுக்கு. இது தான்ணே நம்ம மாநகராட்சி. அல்பம்.

கவுன்சிலருக்கு இன்னா அதிகாரம்ன்ற? செத்த நாய தூக்க போன் பண்ணலாம். தெரு வெளக்கு எரியலன்னா போன் பண்ணலாம். எல்லாம் போன் தான். தண்ணி அவ கையில இல்ல, அது வேற வாரியம். கரண்ட்டு வேற. பஸ்ஸு வேற. மாடி கட்ட பர்மிஷன் பெரிய கட்டடம்னா வேற. மெயின் ரோடு சிலது ஹைவேஸ்காரன் கையில, பக்கத்து சந்து நம்ம கையில. குழி ரெண்டுக்கும் நடுவுல கீது. ரிப்பன் பில்டிங்குல மாசம் ஒரு கூட்டம். அறுவது எழுவது தீர்மானத்த மொத்தமா அடுக்கி வச்சி வேகமா படிப்பாங்க, எல்லாரும் மேசய தட்டுவாங்க, முடிஞ்சிச்சி. அவனவன் எத்துக்கு தட்றோம்னு அவனுக்கே தெரியாது. எங்க அஞ்சலாவும் தட்டினா. மொத வருசம் பூரா அவ பண்ண ஒரே வேல அது தான், அதுக்கே கை செவந்துடுச்சின்னு வந்து காட்டினா.

இன்னொண்ணு சொல்லட்டா? எழுவத்தி மூணுலேந்து இருவத்தி மூணு வருசம் இந்த ஊருக்கு கவுன்சிலே கெடையாது. கலைச்சி போட்டாங்க. நடுவுல இப்ப கூட ஒரு அஞ்சாறு வருசம் எலெக்சனே வெக்கல. எவனாவது தேடினானா? எங்கப்பா எங்க வார்டு கவுன்சிலரக் காணோம்னு ஒர்த்தன் அழுதானா? குப்ப லாரி வந்துச்சி, வெளக்கு எரிஞ்சிது. நம்ம ஜனம் அப்டி. தோ இந்த சாந்தோம் பக்கத்து டீச்சருங்க, மயிலாப்பூர் மாட வீதியில கீற ஆடிட்டருங்க, இங்கிலீசுல பேப்பருக்கு லெட்டர் எழுதுவாங்க, ஓட்டு போடற அன்னிக்கி ஊட்ல குந்தினு டிபன் சாப்டுவாங்க. அந்த தேர்தல்ல பாதி பேரு கூட வரலண்ணே. பாதி பேரு! நீ போட்டியா? பொய் சொல்லாத. உன் வெரல நான் பாத்தேன் அன்னிக்கி.

சரி உடு. நான் இருவத்தஞ்சு வருசம் கட்சியில கொடி கட்டினவன். பசை வாளி தூக்கினவன். இந்த வாட்டி வார்டு எனக்குன்னு எல்லாரும் சொல்லிகினு இருக்கசொல்ல லேடீஸ் வார்டுன்னு அறிவிச்சிட்டானுங்க. நான் இன்னா பண்றது? ஊட்ல இருந்த லேடீஸ நிறுத்தினேன். அஞ்சலாட்சி டில்லிபாபுன்னு போஸ்டரு. அவ மூஞ்சி இத்துனூண்டு, எம் மூஞ்சி இவ்ளோ பெருசு. ஜெயிச்சாச்சு. பேரு அவளுது, வேல என்னுது. அவ லெட்டர் பேடு என் பையில, அவ சீலு என் பையில, அவ போன்ல யாரு கூப்டாலும் நான் தான் எடுப்பேன், கவுன்சிலர் ஊட்டுக்காரர் பேசறேன்னு. எல்லா எடத்துலயும் அப்டி தான்ணே நடக்குது. பேரு ஒர்த்தருக்கு, பேனா ஒர்த்தருக்கு. ரிப்பன் பில்டிங்லயும் அப்டி, எங்க ஊட்லயும் அப்டி. நல்லா தான் ஓடிச்சி.

இந்த கக்கூஸ் மேட்டர் எப்டி வந்துச்சின்னா, எம் மாமியாரால. தோ இந்த பங்கஜம் தான். உனக்கு தெரியாதா, மார்க்கெட்டு முனையில, பால் பூத் பக்கத்தால குந்தினு விக்கிமே, மூக்குத்தி போட்டுகினு. விடிய கருக்கல்ல நொச்சிக்குப்பம் போயி, படகு வந்தவொடனே ஏலம் எடுத்து, கூடைய ஷேர் ஆட்டோவுல ஏத்தினு வரும். சாயங்காலம் வரைக்கும் அந்த ஒரே எடம். ஆம்பளைங்க நாம செவுத்தப் பாத்து நின்னுடறோம். அதுங்க எங்க போவும்? பூ விக்கிற பொம்பள, தெரு பெருக்கறதுங்க, காய்கறி வண்டி, எல்லாம் பத்து பதினஞ்சு பேரு. மாமியா பொண்ணாண்ட கேட்டுச்சி. நீ தான் கவுன்சிலராமே, உன்னால ஒரு கக்கூஸ் கட்ட முடியாதான்னு. அஞ்சலா என்னாண்ட சொன்னா. நான் கவுன்சிலர் நிதியில எழுதி குடுத்தேன். எழுதி தான் குடுக்கலாம். எஸ்டிமேட்டு போடறது இன்ஜினியரு, சாங்ஷன் மேல, டெண்டரு எவனுக்கோ. கட்டினாங்க. டைல்ஸ் போட்டு, மூணு ரூமு, கை கழுவ தொட்டி, ஜம்முனு.

அப்பால இன்னாவா? அப்பால பூட்டு. ரெண்டு வருசம். நீ தான் தெனம் தாண்டி போறியே, பாத்துக்கிற இல்ல, அந்த பச்ச கதவு? கதவு மேல ஒட்டாத போஸ்டர் இல்ல. சாவி எங்கன்னு கான்ட்ராக்டர கேட்டா ஆபீஸ்ல குடுத்தேன்றான், ஆபீஸ்ல கேட்டா கவுன்சிலருக்கு அனுப்ச்சோம்ன்றாங்க. எங்க போச்சோ. நாளைக்கி பூட்ட ஒடைக்க அஞ்சலா ஆளு சொல்லி வச்சிக்கிறா.

கனெக்ஷனா? நான் தான் எல்லாருக்கும் சொன்னேன், கனெக்ஷன் வரலன்னு. கட்றது ஒர்த்தன், பைப்பு உடறது ஒர்த்தன், ரோட்ட வெட்ட பர்மிஷன் ஒர்த்தன். யாரும் மேல கேள்வி கேக்க மாட்டாங்க பாரு. இந்த ஊர்ல எத்த சொன்னாலும் கேள்வி கேப்பாங்க, டிப்பார்ட்மென்ட் சரியில்லன்னு சொன்னா மட்டும் ஆமா ஆமான்னு தலைய ஆட்டிட்டு போயிடுவாங்க. மெய்யா சொல்லணும்னா பைப்பு நாலு மாசத்துல வந்துடுச்சி. கரண்ட்டும் வந்துடுச்சி. நின்னது எதுக்குன்னா கல்லுக்கு.

ஏன்ணே சிரிக்கிற? மாஸ்க்குக்குள்ள சிரிச்சா எனக்கு தெரியாதா? உனக்கு தெரியாதா கல்லு கதை? உன்னாண்ட தான குடுத்தேன். இதே எடத்துல நின்னு, பன்னண்டு பேரு எழுதி குடுத்தேன். மினிஸ்டர் தேதி குடுக்கறேன்னாரு, தரல. அப்பால அவரு இலாகா மாறிச்சி, மாண்புமிகுவ உட்டுட்டு பேர மட்டும் செதுக்கி எடுக்க சொன்னேன். எம்.எல்.ஏ. ஆளுங்க வந்து, எங்க ஆளு பேரு எம்.பி.க்கு கீழ ஏன் கீதுன்னு தகராறு. சோன் சேர்மன் பேருக்கு எழுத்து சின்னதா பூடுச்சின்னு ஒரு பஞ்சாயத்து. மாவட்டத்த மேல ஏத்து, துணை மேயர கீழ எறக்கு. இதுல எம் பேரு எங்க போடறதுன்னு எனக்கு ஒரு கொடச்சல். கவுன்சிலர் புருசன்னு போட முடியாது. சமூக சேவகர் டில்லிபாபுன்னு போடலாம்னு பத்து நாளு யோசன பண்ணி கண்டுபுடிச்சேன். மினிஸ்டரு வராம, கல்லு இல்லாம எப்டிண்ணே தொறக்கறது? சும்மா கதவ தொறந்து உட்டா நாளைக்கி எவன் கட்டினான்னு எவனுக்கு தெரியும்? அடுத்த எலெக்சன்ல எத்த காட்டி ஓட்டு கேக்கறது? இத்த நீ ஒத்துக்கணும். தலைய ஆட்டு.

ஆட்ட மாட்டியா? சரி, ஆட்டாத.

அதனால இப்ப இன்னா சொல்றேன், இந்த கல்ல ஓரமா வையி. நாளைக்கி காத்தால தான விழா. நம்ம பழைய கல்ல எடு. மினிஸ்டர் பேர மட்டும் வெட்டி சேத்துடு, மீதி எல்லாம் ரெடியா தான கீது. நான் அஞ்சலாவாண்ட பேசிக்கிறேன். எங்க வச்சிக்கிற? அந்த மூலையில செவுத்துல சாத்தி வச்சிருந்தியே. காணோமே. இன்னாண்ணே முழிக்கிற?

இரு. இந்த ஓரத்துல சில்லு பேந்துக்கீதே. இது... நம்ம பசங்க ரெண்டு பேரு தூக்கினு வரசொல்ல வாசப்படியில இடிச்சி பேந்தது இது. எனக்கு தெரியும், அன்னிக்கி நான் தான் கத்தினேன். புரட்டு. புரட்டுண்ணே, ஒரு பக்கம் நான் புடிக்கிறேன். ஏய்யப்பா, இன்னா கனம்.

தோ கீது. மாண்புமிகு. தலைமை. முன்னிலை. சமூக சேவகர் டில்லிபாபு. எல்லாரும் கீறாங்க. அப்ப பின்பக்கத்த பாலீஷ் போட்டு மாமியா பேர வெட்டியிருக்க. யாரு, அவ சொன்னாளா? கல்ல வீணாக்க வாணாம், திருப்பி போட்டு வெட்டுங்கன்னா? நல்லா சொன்னா. அப்ப நாளைக்கி சிமெண்டு பூசி செவுத்துல பதிச்சா மினிஸ்டரு, மேயரு, எம்.பி., கமிஷனரு, நானு, பன்னண்டு பேரும் செவுத்தப் பாத்துகினு உள்ள. வெளிய மாமியா. கட்டடம் இடியிற வரைக்கும் எவனும் எம் பேர பாக்க மாட்டான். இருவத்தஞ்சு வருசம்ணே.

தண்ணி இருந்தா ஒரு வாய் குடு. ம்.

என்னால பேச முடியாதுண்ணே அவளாண்ட. பேசிக்கிறேன்னு சும்மா சொன்னேன். நான் ஊட்டுக்கு போயி ஒரு மாசம் ஆவுது. எங்க அக்கா ஊட்ல கீறேன், நந்தனத்துல. வார்டு ஆபீஸ் வாசல்ல கூட கால வெக்க முடியாது. சோன் ஆபீசுக்கு அவளே கைப்பட எழுதி குடுத்துட்டா, இனிமே என் கையெழுத்து நான் போட்டா மட்டும் தான் செல்லும், என் புருசன் எந்த பைலயும் தொடக்கூடாதுன்னு. அவ கையெழுத்து எப்டி இருக்கும்னு அன்னிக்கி தான் அந்த ஆபீஸ்ல பாத்தானுங்க. ஏ.இ., அதாண்ணே வார்டு இன்ஜினியரு, எனக்கு போன் பண்ணி கேக்கறான், சார், இது மேடம் கையெழுத்து தானா, வேற மாரி கீதேன்னு.

எப்டி ஆச்சின்னா, மாமியா உழுந்துடுச்சி. சித்திர வெயிலு. மீன் கூடைக்கி முன்னாடி குந்தினு இருக்கசொல்லவே சாஞ்சிடுச்சி. பெரியாஸ்பத்திரியில சேத்தோம். கிட்னியில கல்லு, அதுல சீழு வேற புடிச்சி போச்சின்னாங்க. டாக்டரம்மா கேட்டாங்க, ஏம்மா தண்ணியே குடிக்க மாட்டியான்னு. இது சொல்லுது, குடிச்சா எங்கம்மா போறது, காத்தால ஒரு வாய் டீ, அதோட சாயங்காலம் ஊட்டுக்கு போயி தான்னு. எத்தினி வருசமான்னாங்க. நாப்பது வருசமான்னுச்சி. இனிமே ஒரு நாளைக்கி மூணு லிட்டரு குடிக்கணும், இல்லன்னா இன்னொரு கிட்னியும் பூடும்னு டாக்டரம்மா எழுதி குடுத்தாங்க. அஞ்சலா பக்கத்துல நின்னுகினு இருந்தா. அந்த சீட்ட அவ தான் வாங்கிகினா.

அடுத்த வாரம் நான் கட்சி மாநாட்டுக்கு போயிட்டேன். சோன் கூட்டத்துக்கு இவ தனியா போயிருக்கா. மேசய தட்டாம எழுந்து நின்னு கேட்டிருக்கா, என் வார்டுல கட்டி முடிச்ச கழிப்பிடத்த ஏன் தொறக்கலன்னு. அந்த ஏ.இ. பையன் பைல எடுத்து காட்டியிருக்கான். மேடம், மினிஸ்டர் தேதி கெடைக்கிற வரைக்கும் தொறக்க வாணாம்னு நீங்க தான மேடம் லெட்டர் குடுத்தீங்கன்னு. அவ பேடு. அவ சீலு. கையெழுத்து நான் போட்டது. ஒரு லெட்டர் இல்ல, நாலு லெட்டரு. பையன் ஒவ்வொண்ணா புரட்டி காட்டியிருக்கான்.

நான் திரும்பி வந்தப்ப சோறு போட்டா. வஞ்சிரம் வறுத்து வச்சிருந்தா. நான் துன்னு முடிக்கிற வரிக்கும் எதுருல குந்திகினு இருந்தா. கை கழுவிட்டு வந்தா வாசல்ல எம் பையி. சண்ட கூட போடலண்ணே. நாலு வார்த்த திட்டியிருந்தான்னா நான் நாப்பது வார்த்த திட்டி சமாளிச்சிருப்பேன்.

அவ தான் ஜெயிச்சா, நான் தோத்துட்டேன்னு நெனைக்காத. என்னாத்த ஜெயிச்சா? ஒரு கதவு தொறக்கறதுக்கு கவுன்சிலரு, ஏ.இ., சோனு, எல்லாத்தயும் எழுப்பினாளே, இது ஒரு ஜெயிப்பா? ஒரு லெட்டர் எழுதினா, மூணே நாள்ல தேதி போட்டு குடுத்துட்டாங்க. மூணு நாளு! எவனும் மினிஸ்டர கேக்கல, எம்.எல்.ஏ.வ கேக்கல. கவுன்சிலர் கேட்டா, தொறங்கன்னுட்டாங்க. அவ்ளோதான் இருந்துச்சி. அவ்ளோதான்னு எனக்கு ரெண்டு நாள் கிளாஸ்ல ஒர்த்தனும் சொல்லல.

சரி, கல்ல திருப்பி வையி. மாமியா பக்கம் மேல இருக்கட்டும். பேருக்கு பக்கத்துல மீன் வியாபாரின்னு நல்லா தான் வெட்டியிருக்க. அதுக்கு படிக்க தெரியாது, தடவி பாக்கும். எழுத்த இன்னும் கொஞ்சம் ஆழமா எடு.

ஒண்ணு சொல்லணும். ஆஸ்பத்திரிக்கி போறதுக்கு ஒரு மாசம் மின்ன, நல்ல மத்தியானம், நான் அந்தப் பக்கமா போனேன். மாமியா கூடைய உட்டுட்டு எழுந்து வந்துச்சி. என்னாண்ட எதையும் கேக்காது அது, மாப்ளன்னு மரியாத. அன்னிக்கி என் சட்ட கைய புடிச்சிகினு, மாப்ள, முடியல மாப்ள, ஒரே ஒரு வாட்டி தொறந்து உடு, யாராண்டயும் சொல்ல மாட்டேன்னுச்சி. நான் சொன்னேன், கனெக்ஷன் வரல, நான் இன்னா பண்றது, டிப்பார்ட்மென்ட் சரியில்லன்னு. அது உட்டுடுச்சி. ஆமா, அவனுங்க அப்டி தான்னு சொல்லிட்டு போயி திருப்பி குந்திக்கிச்சி.

நாளைக்கி கல்லு பதிக்க நீ தான போற? நான் வரல. வந்தேன்னும் சொல்லாத. பூட்ட ஒடைக்க ஆள் சொல்லி வச்சிக்கிறா பாரு, அது வாணாம்னு சொல்லு, புது கதவு, நெளிஞ்சி பூடும். இந்தா. கல்லு வச்சிருந்த எடத்துல கெடந்துச்சின்னு குடுத்துடு. எண்ண போட்டு தொடச்சி வச்சிக்கிறேன். அன்னிக்கும் இந்த ஜோபியில தான் இருந்துச்சி. ஒரே சுத்து தான்ணே, தொறந்துக்கும்.